இண்டியின் சந்தேகங்கள்

நீச்சல் குளத்து வேலிக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைத்தால்தான் லாக்லனால் வீட்டை விற்க முடியும். சோதிக்க வந்த கிரெய்கையோ அவன் மகள் இண்டி வேலை செய்ய விடவில்லை.

"கேட் ஏன் வெளிப்பக்கமா தொறக்குது?"

"சின்னப் புள்ளைங்க தள்ளித்தான் பாக்கும். தள்ளத் தள்ள மூடிக்கும்மா."

"தாழ்ப்பாள் ஏன் அவ்வளவு ஒசரத்துல?"

"கை எட்டக் கூடாதுல்ல?"

"இண்டி, போதும். அவரை விடு," என்றான் லாக்லன்.

"கேக்கட்டும் லாக்லன். எல்லாரும் சட்டத்தத் திட்டுவாங்க. காரணம் யாரும் கேக்கறதில்ல."

"வேலியோரம் நாற்காலி வேணாம்னீங்களே, ஏன்?"

"ஏறிடுவாங்கம்மா."

இண்டி திருப்தியோடு நகர்ந்தாள். எல்லாம் சரியாக இருந்ததால் கிரெய்க் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது.

பியர் வைக்கிற ஐஸ்பெட்டியை வேலியோரம் தள்ளி, அதன்மேல் நின்று தாழ்ப்பாளை எட்டிக்கொண்டிருந்தாள் இண்டி.

லாக்லன் பாய்ந்துபோய் அவளைத் தூக்கினான். "அவர் சொன்னது காதுல விழல?"

"விழுந்துச்சே! நாற்காலிதானப்பா வேணாம்னாரு? இது ஐஸ்பெட்டி."

கிரெய்க் பேனாவை மூடினார். "என்ன வயசு?"

"வர்ற மாசம் நாலு."

"ஐஸ்பெட்டிய வீட்டுக்குள்ள வைங்க. இன்னொரு நாள் வரேன்," என்றார் கிரெய்க். "அன்னைக்கும் இவ இருக்கட்டும்."