ஹீட்டர் கேன்

கிளாரா ஒரு கைப்பிடி சரளைக்கல்லைக் கேனுக்குள் போட்டு, புளித்தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே துரு கரகரவென்று உதிர்ந்தது. மலையில் எல்லார் வீட்டுக்கும் கரண்ட் ஹீட்டர் வந்த பிறகும், அவள் புருஷன் லாரன்ஸ் மண்ணெண்ணெய் ஹீட்டரையும் அதற்கு எண்ணெய் ஊற்றும் இந்தத் தகரக் கேனையும் விடவில்லை. போன மார்கழியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கியவர் அடைத்த அறைக்குள் மூச்சு முட்டிச் செத்துப்போனார். “குளிர் உள்ள வரும், ஜன்னலைச் சாத்திட்டுப் படுங்க” என்று போனில் சொன்னவள் கிளாராதான். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அழவும் இல்லை.

“காயலான் கடையில போட்டுடலாம் அண்ணி,” என்றான் கொழுந்தன் அருள்தாஸ்.

“கேன் என்ன பண்ணுச்சு?”

கறுத்த தண்ணீரைக் கொட்டிக் கழுவி, வெயிலில் காயவைத்தாள். அடியில் இருந்த ஓட்டைக்கு ஈயம் பற்றவைத்து வாங்கிவந்தாள். சாயங்காலம் அதில் எண்ணெய் நிரப்பி ஹீட்டருக்கு ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. திரி பற்றியதும் அருள்தாஸ் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

கிளாரா தீயின் முன் கைகளை நீட்டினாள். சூடு உறைக்கவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

“குளிர் உள்ள வருது தம்பி. ஜன்னலைச் சாத்து.”

அவன் அசையவில்லை. அவளே எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள்.