காலித் தாயத்து

திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருடம் தையல் மிஷின் ஓட்டியதில் சுடர்விழியின் விரல் மூட்டுகள் ஓயாமல் வீங்கி எரிந்தன. 'வழுக்கல் ஊசி' வந்துதான் விடிவு பிறந்தது. வெள்ளை அணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் வழுக்கிப் போய்விடும், வீக்கமே வராது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

அவளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாளாகியும் அதன் தொப்புள்கொடி விழவில்லை. அதை வைத்துக் கட்ட வாங்கிய வெள்ளித் தாயத்து காலியாகவே கிடந்தது. இன்று காய்ச்சல் வேறு.

"கொடியில சீழ் இல்லைங்க, சிவப்புகூட இல்லைங்க. சுத்தமாத்தானுங்க வெச்சிருக்கேன்," என்றாள் டாக்டரிடம், கொஞ்சம் பெருமையாகவே.

ரத்த அறிக்கையிலிருந்து டாக்டர் நிமிரவில்லை. "சீழ் வெச்சிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேம்மா. வெள்ளை அணு குழாய்ச் சுவரைப் புடிச்சு வெளிய வந்தாத்தான் கொடி விழும், கிருமியும் சாகும். குழந்தைக்கு ஒண்ணுகூட ஒட்டல. தாய்கிட்ட இருந்து புள்ளைக்கும் இறங்குற அந்த வழுக்கல் ஊசியை நீங்க போட்டிருக்கீங்களா?"

இப்போது வலியே இல்லாத சுடர்விழியின் பத்து விரல்களுக்குள் குழந்தை அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.