உயிர்த்தவரின் அடையாள அட்டை

கொட்டாஞ்சேனைச் சந்தியில் இயேசுவைப் பொலிஸ் மறித்தபோது அவர் கையில் ஆறு மீன் ரோல்ஸ் இருந்தன.

அடையாள அட்டை இல்லை. வெள்ளை அங்கிக்குப் பொக்கற் கிடையாது. அட்டை லொட்ஜ் அறையில், கழற்றிப் போட்ட காற்சட்டைக்குள் கிடந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கொழும்பில் அட்டையில்லாத தமிழனுக்கு வழி ஒன்றுதான். அது பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போகும்.

நாகேந்திரம் சைவக்காரன். தாடி இருந்த ஒரே காரணத்துக்காகப் பாதர் அவனை ஈஸ்டர் நாடகத்தில் இயேசுவாக்கியிருந்தார். லொட்ஜ் அறையில் நடந்த ஒத்திகையின் நடுவில் சீடர்களுக்குப் பசித்தது. ஆண்டவரே கடைக்குப் போனார்.

பொலிஸ்காரன் அவன் உள்ளங்கையைத் திருப்பினான். சிவப்பாகப் பிசுபிசுத்தது. துப்பாக்கி நிமிர்ந்தது.

"சோஸ், சேர்! தக்காளி சோஸ்!" நாகேந்திரம் ஒத்திகைக்குப் பூசிய ஆணிக்காயத்தை நக்கிக் காட்டினான்.

பொலிஸ்காரன் நம்பவில்லை. லொட்ஜ் வரை தள்ளிக்கொண்டு போய், உள்ளே தாழிட்டிருந்த கதவைத் தட்டி, நாகேந்திரம் என்றவனைத் தெரியுமா என்று சிங்களத்தில் அதட்டினான்.

உள்ளேயிருந்து, பேதுருவாக நடிக்கும் சவுந்தரநாயகத்தின் குரல் வந்தது.

"தன்னே நே, சேர்."

தெரியாதாம்.

இரண்டாம் முறையும் தெரியாதாம். மூன்றாம் முறையும்.

பொலிஸ்காரனின் கழுத்தில் ஒரு சிலுவை தொங்கியது. பேதுரு மூன்று முறை மறுதலித்த கதை அவனுக்குத் தெரியும். அங்கியைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். விரல் மடக்கி எண்ணினான். சுவரில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தபடி படி இறங்கிப் போய்விட்டான்.

கதவு திறந்தது. ஐந்து சீடர்களும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கதவு திறப்பதற்குள் நாகேந்திரம் நல்ல நல்ல தூஷணமாகப் பொறுக்கி வைத்திருந்தான். வாயைத் திறந்தான். நாடகத்தில் தாழிட்ட அறைக்குள் வந்ததும் உயிர்த்த இயேசு சொல்லும் வசனம்தான் வந்தது.

"உங்களுக்குச் சமாதானம்."

நாலு பேருக்கு ஆச்சரியம். சவுந்தரநாயகத்துக்கு இல்லை.

போன மார்கழிச் சுற்றிவளைப்பில், பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவன் யார் என்று பொலிஸ் கேட்டபோது, தெரியாது என்று சொன்னவன் நாகேந்திரம்.

பிடிபட்ட மூன்றாம் நாள், வீங்கிய முகத்தோடு அறைக்குள் திரும்பி வந்த சவுந்தரநாயகம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாப்பிட்டியே, மச்சான்?"