அருள்நாயகத்தின் றிவோல்வர்

"நாப்பத்தைஞ்சு கலிபர்! உவன் என்ன, யானை சுடப் போறானோ?"

வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே சூசைதாசன் தொடங்கிவிட்டார்.

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி றோசலின் நிமிரவில்லை. "ஆரப்பா யானை சுடுறது?"

"வேற ஆர்? அருள்நாயகம்தான்."

சூசைதாசனுக்கும் அருள்நாயகத்துக்கும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரே தொழிற்சாலையில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஃபோர்மன்தான் பிக்கரிங்கில் உள்ள துப்பாக்கிக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரே நாளில் இருவரையும் சேர்த்துவிட்டார். அங்கே மெம்பர் நம்பர்படி வரிசையாக நின்று, அட்டையில் குறி பார்த்துச் சுட வேண்டும். இடப்பக்கம் அருள்நாயகம், அடுத்த இடம் சூசைதாசனுக்கு.

இருவரிடமும் ஒரே மாதிரி ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டல். குறி மட்டும் ஒரே மாதிரி இல்லை. அருள்நாயகம் எப்போதும் முதலாவது. சூசைதாசனின் பெயரைப் பட்டியலின் அடியில் தேட வேண்டும்.

இந்த ஏப்ரலில் அருள்நாயகம் பிஸ்டலை விட்டுவிட்டு, நீளக் குழலும் பெரிய வாயுமாக ஒரு பழைய றிவோல்வரோடு வந்து நின்றார். அன்றிலிருந்து சூசைதாசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கிளப் பிறசிடென்ற் அதைக் கையில வாங்கித் தடவித் தடவிப் பாக்கிறார். வெள்ளையள் எல்லாம் சுத்தி நிக்குதுகள். ஏன் மச்சான் உது எண்டு கேட்டால் இளிக்கிறான். பிஸ்டல் அலுத்துப் போச்சாம்!"

"இப்பவும் அவர்தான் முதலாவதோ?"

"எங்க! அந்தப் பாரத்தைத் தூக்கி மணிக்கட்டு வீங்கிப் போச்சு. பண்டேஜ் சுத்திக்கொண்டு நிக்கிறான். இண்டைக்கு ஒம்பதாமிடம். முதலாவது நான்!"

றோசலின் இப்போதுதான் நிமிர்ந்தாள். "மெய்யாவோ? பிறகென்ன, சந்தோசமா இருங்கோவன்."

"எப்பிடி இருக்கிறது? இந்த மாசம் முழுக்க நான்தான் முன்னுக்கு. ஒருத்தன் திரும்பிப் பாக்கேல்லை. தோத்துப்போன அவன்ர துவக்கைத்தான் எல்லாரும் பாக்கிறாங்கள்."

"அதுக்கு?"

"நானும் ஒண்டு வாங்கப் போறன். அவன்ரயை விடப் பெரிசா."

றோசலின் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவர் வீடியோக் கமறா வாங்கினார், நீங்களும் வாங்கினியள். அவர் தாடி விட்டார், நீங்களும் விட்டியள். துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள், இஞ்ச வந்து அதுக்கும் போட்டியோ?"

"உனக்கு உது விளங்காது."

"விளங்குது, விளங்குது. நல்லா விளங்குது" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மீனைப் பார்க்கத் தொடங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை கிளப்புக்குக்கூடப் போகாமல், அருள்நாயகம் வாங்கிய அதே கடைக்குப் போனார் சூசைதாசன். கடைக்காரர் வெள்ளைக்காரர், சிரித்த முகம். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பிஸ்டல், ஒன்பது மில்லிமீற்றர். றிவோல்வருக்கு மாற வேண்டும். அருள்நாயகம் உங்களிடம் வாங்கினாரே, அது மாதிரி. அதைவிடப் பெரியது இருந்தால் இன்னும் நல்லது."

"ஓ, அவருடைய நண்பரா?" கடைக்காரரின் முகம் இன்னும் மலர்ந்தது. "அப்படியானால் உங்களுக்கும் அதே பிரச்சினைதான்."

"என்ன பிரச்சினை?"

"பக்கத்தில் நிற்கிறவர் பிரச்சினை. உங்கள் நண்பர் பெரிய துப்பாக்கி கேட்டு வரவில்லையே. தோட்டாவின் கோது வெளியே தெறிக்காத துப்பாக்கி கேட்டுத்தான் வந்தார்."

சூசைதாசன் விழித்தார்.

"பிஸ்டல் ஒவ்வொரு வெடிக்கும் சூடான வெற்றுக் கோதை வலப்பக்கம் வீசும். றிவோல்வரில் அது உள்ளேயே கிடக்கும். அவருக்கு வலப்பக்கம் நிற்கிற மனிதருக்கு உங்கள் நாட்டுப் போரில் கழுத்தில் ஷெல் துண்டு பட்டதாம். கோது மேலே விழும் ஒவ்வொரு தடவையும் ஆள் நடுங்கிப் போகிறாராம், குறி தவறிவிடுகிறதாம். மூன்று வருடமாகப் பார்க்கிறேன், இனித் தாங்காது என்றார்."

சூசைதாசன் கழுத்துத் தழும்பைக் கொலரால் மூடிக்கொண்டு, கடையில் வேறு யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"இடத்தை மாற்றிக் கேளுங்கள் என்றேன். மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும், அவர் மற்றவர்கள் முன் கூசிப்போவார் என்றார். சத்தம் மட்டாக இருக்க வேண்டும் என்றும் கேட்டார். அன்றைக்கு என்னிடம் இருந்தது அந்தப் பெரியது ஒன்றுதான். பிஸ்டல் மாதிரிச் சுள்ளென்று வெடிக்காது. ஆனால் உங்கள் கைக்குப் பாரம், இனி முதலாவதாக வர மாட்டீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். பரவாயில்லை என்று வாங்கிப் போனார்."

ஒரு மாதமாகத் தன் கை திருந்திவிட்டது என்றே சூசைதாசன் நம்பியிருந்தார். பண்டேஜைப் பார்த்து மற்றவர்களோடு சேர்ந்து சிரித்ததும் நினைவுக்கு வந்தது. அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

கடைக்காரருக்கு அது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு றிவோல்வர்களை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, வந்தவரும் நல்ல மனிதர்தான் என்ற மரியாதையோடு கேட்டார்:

"சொல்லுங்கள், உங்களுக்கு வலப்பக்கம் நிற்கிறவருக்கு என்ன கஷ்டம்?"

சூசைதாசன் வாயைத் திறந்தார். மூன்று வருடமாக இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, வலப்பக்கம் நிற்பது ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.