நடுக்கடலில் நின்ற கப்பல்கள்

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் திமிங்கிலம் குட்டி ஈனும்போது, சுற்றியுள்ள கப்பல்களெல்லாம் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது எல்லா நாடுகளும் கூடிப் போட்ட சட்டம். தலைப்பிரசவத்துக்காகத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த மனைவி ஜெனிட்டாவைப் பார்க்கத் தவித்துக்கொண்டிருந்த மாலுமி ரெக்சனின் கப்பலும் அப்படித்தான் நின்றது.

“உன் பக்கத்துல இருக்கணும்னுதான ஓடி வந்தேன்,” என்றான் கப்பலின் சாட்டிலைட் போனில்.

வலிக்கு நடுவே அவள் சொன்னாள்: “அதுக்கும் இப்படித்தான வலிக்கும். சத்தங்காட்டாம நில்லுங்க.”

பக்கத்தில் ஒரு சீனக் கப்பலும் ஒரு கென்யக் கப்பலும் அசையாமல் மிதந்தன. சாயங்காலம் போனில் குழந்தையின் அழுகை கேட்டது. ரெக்சன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“பொம்பளப் பிள்ள,” என்றாள் ஜெனிட்டா களைப்போடு. “அங்க பெத்தாச்சா?”

“இன்னும் இல்ல.”

“பாவம். அது நல்லபடியா பெத்துப் பிழைக்கட்டும். நீங்க மெதுவா வாங்க.”