இறங்கிய ஆறு

"லாத்தா, தண்ணி இறங்குது! ஓடி வந்து பாருங்க!"

தம்பி ஷேக் பரீத்தின் குரல் கேட்டதும் லத்தீஃபா அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்கு ஓடினாள். வீட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே ஒரு தெருதான்.

விடியும்போது தண்ணீரின் ஓரத்தில் ஒரு குச்சியை ஊன்றி, தண்ணீர் தொட்ட இடத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருந்தாள். இப்போது அந்தத் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதற்கு ஒரு முழம் கீழே ஓடியது.

மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் விசில் அடித்தார்கள். ஒருவன் மூட்டையின் மேலேயே மல்லாந்து படுத்துவிட்டான்.

"நான் வேனை எடுத்துட்டுப் போய் பர்வினைக் கூட்டிட்டு வந்துர்றேன்," என்றான் பரீத். "பச்சை உடம்புக்காரி. அந்த மண்டபத்துத் தரையில எவ்வளவு நேரம்தான் படுத்துக் கிடப்பா?"

பர்வின், லத்தீஃபாவின் மகள். ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நேற்று வெள்ள அபாய எச்சரிக்கை வந்ததும் தெருவிலுள்ள பெண்களையும் குழந்தைகளையும் வயல்களுக்கு நடுவே இருக்கும் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் எல்லோருடைய கணக்கும்.

"கொஞ்சம் பொறுடா," என்று லத்தீஃபா போனை எடுத்துப் பார்த்தாள். "மேலே அணையில இன்னும் கூடுதலா திறந்துவிட்டிருக்கோம், காலையில வந்து சேரும்னு கன்ட்ரோல் ரூம்லேர்ந்து மெசேஜ் வந்திருக்கு. அப்படின்னா ஏறணுமே. ஏன் இறங்குது?"

"ஏறினாலும் கவலை, இறங்கினாலும் கவலையா உங்களுக்கு? மெசேஜ் அனுப்புறவன் இந்த ஆத்தைப் பார்த்துட்டா அனுப்புறான்?"

"நேத்து அவங்க சொன்ன நேரத்துக்குத்தானே ஏறுச்சு? இன்னைக்கு மட்டும் பொய்யா போகுமா?"

மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற வைத்தியலிங்கம் சிரித்தார். இந்தக் கரையில் பல வெள்ளம் பார்த்தவர். "தங்கச்சி, இது தெரியலையா? எதிர்க்கரை போயிருக்கும். அந்தப் பக்கம் உடைஞ்சா இந்தப் பக்கம் இறங்கத்தானே செய்யும்?" சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதே நேரம் எதிர்க்கரையிலிருந்து ஒருவர் வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்.

"ஓய்! உங்க பக்கமா உடைஞ்சிருக்கு?"

"இல்லையே! உங்க பக்கம் இல்லையா?"

"இங்க ஒரு மூட்டைகூட நகரலை!"

இரண்டு கரையிலும் சிரிப்பு எழுந்தது. "பார்த்தீங்களா? யாருக்கும் சேதமில்லை. ஆறே பாவம் பார்த்து இறங்கிடுச்சு," என்று பரீத் வேன் சாவியைச் சுழற்றினான்.

லத்தீஃபா மட்டும் சிரிக்கவில்லை. மேலே விட்ட தண்ணீர் ஆவியாகிப் போய்விடாது. இங்கே வரவில்லையென்றால் வேறு எங்கோ இருக்கிறது. எங்கே?

போன் அடித்தது. பர்வின்.

"அம்மா, தண்ணி இறங்கிடுச்சாமே? மாமா எப்ப வர்றாங்க? இங்க நல்லா வெயில் அடிக்குது. எல்லாரும் மூட்டையைக் கட்டிட்டாங்க."

"உனக்கு வலி எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லை. பிள்ளைத் துணிதான் ஒண்ணுகூடக் காயலை. அலசிக் கொடுக்கிறேன்னு மங்களாம்பிகை அக்கா பின்னாடி வாய்க்காலுக்குக் கொண்டுபோனாங்க. அப்படியே திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. தண்ணி டீ மாதிரி கலங்கலா இருக்காம். நேத்துவரைக்கும் அடி மண்ணு தெரிஞ்ச தண்ணிம்மா. மழையே இல்லை, எப்படிக் கலங்கும்?"

லத்தீஃபா ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். காலடியில் ஓடிய வெள்ளமும் டீ நிறத்தில்தான் இருந்தது.

"பர்வின், வாய்க்கால்ல தண்ணி ஏறுதா?"

"துவைக்கிற படி முழுகிடுச்சுன்னாங்க."

"மண்டபத்துக்கு வர்ற ரோடு?"

"அது காய்ஞ்சுதான் இருக்கு. ஏம்மா?"

"அங்க மேலே ஏறி நிக்க மாடி இருக்கா?"

"என்னம்மா கேக்கிறீங்க? தகரக் கூரைதானே!"

"சரி. பிள்ளையைத் தூக்கிட்டு வாசலுக்கு வா. எல்லாரையும் வாசலுக்கு வரச் சொல்லு. வாய்க்கால் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது. மூட்டையெல்லாம் கிடக்கட்டும்."

போனை இறக்கிவிட்டு லத்தீஃபா மூட்டைகளின் பக்கம் ஓடினாள்.

"வைத்தியலிங்கம் அண்ணே, கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போடுங்க. டிராக்டர் வச்சிருக்கிறவங்களை எல்லாம் மண்டபத்துக்கு விடுங்க. பரீத், வேனை எடு. சீக்கிரம்!"

"இதைத்தானே நான் அப்போலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!"

"வீட்டுக்கு இல்லடா," என்றாள் லத்தீஃபா. "ஆறு இறங்கலை. மேலே எங்கேயோ நம்ம பக்கக் கரையை உடைச்சுக்கிட்டு, வயல் வழியா அந்த மண்டபத்தைப் பார்த்து வந்துக்கிட்டிருக்கு. எல்லாரையும் இந்த ஆத்தங்கரை மேலேயே கொண்டுவந்து ஏத்து. இப்ப நம்ம ஊர்ல இருக்கிற ஒரே மேடு இதுதான்."