பொங்காத பாட்டில்

சோடா பாட்டிலைச் சும்மா குலுக்கக் கூடாது. கையில் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். அது என் வகுப்புப் பிள்ளைகள் போட்ட சட்டம்.

ஆடினார்கள். பலகைத் தரை அதிர்ந்தது. விடியலிலேயே தூக்கியதிலும் புரட்டியதிலும் எனக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு கை மட்டும் தட்டினேன்.

"டக்குன்னு திறந்தா?" என்று கேட்டேன்.

"பொங்கும்!"

"மெல்லத் திறந்தா?"

எல்லாரும் உதட்டில் விரல் வைத்து "உஸ்ஸ்ஸ்" என்றார்கள். நாலு வயசுப் பிள்ளைகள். இதில் மட்டும் ஒருத்தர்கூடத் தப்பு விடுவதில்லை.

டக்கென்று திறந்த பாட்டில்களில் வழிந்த நுரையில் சிவப்புச் சாயத்தைக் கலந்து அட்டையில் உள்ளங்கையால் அமுக்கினார்கள். அது ஓவிய வகுப்பு. கொஞ்ச நேரத்தில் சுவர் முழுக்கப் பவளப்பாறை. தரை முழுக்கப் பிசுபிசுப்பு, அதற்கு எறும்பு. துடைக்கப் போவது யார்? நான்தான். என் வீட்டு முன்னறைதானே பள்ளிக்கூடம்.

நகரத்திலிருந்து வந்த மேற்பார்வை அம்மாள் சொல்லிக்கொடுத்தது விதை, மணல், நிழல், மிதப்பது, மூழ்குவது. விளையாடவிட்டுக் கேள்வி கேள், பதிலை மட்டும் சொல்லிவிடாதே என்றார். சோடா பாட்டில் அதில் இல்லை. அது எங்கள் வீட்டுச் சேர்க்கை. வருஷத்தில் ஒரு நாள்தான், சிங்கி இறால் பருவம் திறக்கிற அன்று.

அன்று காயலில் கப்பல் நிற்கும். முக்குளிக்கப் போகிற ஆண்கள் புறப்படுமுன் பிள்ளையைப் பார்க்க இங்கே வருவார்கள். போகும்போது எல்லாரும் நடந்துதான் போகிறார்கள். வரும்போது சிலரை முதுகில் தூக்கி வருகிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது.

லீவா அடித்துவிட்டாள் என்பார்கள். கடலுக்கடியில் இருக்கிற கடற்கன்னி அவள். தன் இறாலை அளவுக்கு மீறி எடுத்தால் அடிப்பாளாம். அவளிடமிருந்து காப்பாகக் கழுத்தில் மூலிகை முடிச்சு கட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தைரியத்தில், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று காற்றுக் குப்பி தீருமட்டும் கீழே கிடந்துவிட்டு, மூச்சு முட்டியதும் ஒரே பாய்ச்சலாக மேலே வருகிறார்கள்.

"அவசரமா ஏறி வராதீங்கப்பா, ரத்தத்துல காத்து பொங்கிடும்" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"டீச்சரம்மா, நீங்க கரையில பாடம் நடத்துங்க. கடல்ல லீவா நடத்திக்குவா" என்று சிரிப்பார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. அலுத்துப்போய்ச் சொல்வதை விட்டுவிட்டேன்.

வால்தினின் அப்பா ஹர்லன் வந்தார். புதுச் சட்டை, கழுத்தில் புது முடிச்சு. கப்பல் ஒரு முறை ஊதியது.

"வாடா ராசா, ஒரு முத்தம் குடு. நேரமாச்சு."

வால்தின் முத்தம் கொடுக்கவில்லை. ஆடி முடித்த பாட்டிலை நீட்டினான். "மொதல்ல இதத் திற."

ஹர்லன் ஒரே திருகு. நுரை முகத்தில் அடித்துப் புதுச் சட்டையில் இறங்கியது.

"மெதுவா! மெதுவா!" என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

"அடக் கடவுளே, சட்டை போச்சு! நல்லாத்தான் இருக்கு உங்க படிப்பு" என்று சிரித்தார்.

வால்தின் சிரிக்கவில்லை. "நீ தோத்துட்ட. இன்னொரு தடவ திற."

மிச்சம் ஒரே ஒரு பாட்டில்தான். உள்ளே கொடுப்பதற்கென்று எடுத்து வைத்திருந்தது. மனசில்லாமல்தான் கொடுத்தேன்.

அவன் தனியாக ஆடினான். வியர்க்க வியர்க்க ஆடினான். கப்பல் மறுபடி ஊதியது.

"வந்து திறக்கிறேன்டா."

"இப்பத் திற."

ஹர்லன் மூடியைப் பிடித்தார். அந்தப் பெரிய கைமேல் வால்தின் தன் கையை வைத்துக்கொண்டான். கொஞ்சம் திருகினார்கள். உஸ்ஸ். "நிறுத்து," என்றான். நிறுத்தினார். குமிழெல்லாம் அடங்குகிறவரை காத்திருந்தார்கள். மறுபடி கொஞ்சம். மறுபடி நிறுத்து. கப்பல் விடாமல் ஊதியது.

அப்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது.

ஹர்லனின் கை அப்படியே நின்றது. அந்தக் கதவுப் பக்கம் அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. என் வீட்டுக்காரர் எவின் கடலில் அடிபட்ட அன்றைக்கு, அவரை ஹர்லன்தான் முதுகில் தூக்கி வந்தார். அந்தக் கதவு வழியாகத்தான் கொண்டுபோய்க் கிடத்தினார். இப்போது திரும்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

மீதியை அவர் திருகிய மாதிரி எவரும் எதையும் திருகி நான் பார்த்ததில்லை. மூடி கையோடு வந்தது. ஒரு சொட்டு வழியவில்லை.

வால்தின் முத்தம் கொடுத்தான். ஹர்லன் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

எல்லாரும் போனபின் தரையைத் துடைத்துவிட்டு உள்ளே போனேன். எவினைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் தாண்டியிருந்தது. அவர் கழுத்தில் பழைய முடிச்சு இன்னும் கிடக்கிறது. அவிழ்க்க விடமாட்டேன் என்கிறார்.

"கடைசிப் பாட்டில் என்னுதா?"

"ம். காலையிலேர்ந்து கேட்டீங்க. வால்தினுக்குக் குடுத்துட்டேன்."

"பொங்குற சத்தம் கேக்கலியே?"

"பொங்கல."

கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப நான் குடிச்ச மாதிரிதான்" என்றார்.

முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, மெல்ல, அவரைப் புரட்டினேன்.